ஒரத்துப்பாளையம்: தண்ணியை அளந்தோம், உப்பை அளக்கலை

நல்லூர்ல ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த மாமாவை (அம்மாவோட தம்பி) அவரோட ஊர்ல கொண்டுபோய் விடவேண்டிய வேலை எனக்கு வந்தது. அவர் ஊர் கரூர் மாவட்ட எல்லையில, நொய்யல் வாய்க்கால் பாசனத்துல இருக்கு. காங்கயம் ரோட்டைப் பிடிச்சா நேராப் போயிடலாம். நான்தான் "மாமா, இன்னைக்கு ஞாயிறுதானுங், ஆத்தை ஒட்டியே போலாமுங்களா?"ன்னு கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "அந்த ஆத்துல பாக்கறதுக்கு என்ன இருக்குது மாப்ள? செரி, போ"ன்னார்.

எனக்கு அந்த ஆற்றைப் பார்க்க ஒரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல ஆறு.

(வழக்கம்போல: நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். படிச்சது, பார்த்தது, கேட்டது இவற்றை வச்சுத்தான் இந்தக் கட்டுரை.)

தடுக்காமல் திருப்பினார்கள்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோயம்புத்தூர், சூலூர், திருப்பூர் வழியா கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கிற ஊர்கிட்டயே காவிரியில கலக்குது. நீளம் சுமார் 170 கிலோமீட்டர். மலையடிவாரத்தை விட்டு இறங்கினா மழை குறைஞ்சுகிட்டே போகும். காங்கயம் பக்கம் வருஷத்துக்கு சுமார் 600 மில்லிமீட்டர்தான். வருஷம் பூரா ஆவியாகிப் போறது அதைவிட அதிகம். பாலைவனம்னு சொல்ல முடியாது, ஆனா தண்ணியை நம்பி விவசாயம் பண்ற பூமியும் கிடையாது.

இதுக்குத் தகுந்த மாதிரிதான் பழைய ஆட்கள் வாழ்ந்திருக்காங்க. ஆற்றின் மேல்பகுதியில வரிசையா சின்னச் சின்ன அணைக்கட்டுகள். வெள்ளம் வர்றப்போ தண்ணியை வாய்க்கால்ல திருப்பி, குளத்துல நிரப்பி, மிச்சத்தை மறுபடியும் ஆற்றுக்கே விடற ஏற்பாடு. உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் குளங்கள் எல்லாம் அந்தச் சங்கிலியில வர்றவை. கொங்குச் சோழர் காலத்தோட சேர்த்துச் சொல்லப்படற அமைப்பு இது. ஆற்றை அவங்க மறிக்கலை, பக்கவாட்டுல கொஞ்சம் திருப்பிக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

கீழ்ப்பகுதியில, அதாவது நல்லூரைத் தாண்டி காங்கயம் பக்கம், கொறங்காடு. வெளியூர்க்காரங்களுக்கு இந்த வார்த்தை தெரியாது. கிளுவை வேலி போட்டு அடைச்ச மேய்ச்சல் காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவுல வெள்வேல மரங்கள். காங்கயம் மாடு உலகப் புகழ் வாங்கினது இந்தக் காட்டுப் புல்லைத் தின்னுதான். மழை பொய்ச்சாலும் மொத்தமாச் சாகாத புல் அது. முதலிபாளையம் தாண்டினதும் கம்பெனிக் கட்டிடங்கள் குறைஞ்சு, கிளுவை வேலிகள் ஆரம்பிச்சது. மாமா அப்பத்தான் ஜன்னலை இறக்கிவிட்டார்.

கொடுமணல்ல ஒரு நிறுத்தம்

ஆற்றைத் தாண்டி வடகரைக்கு வந்து, கொடுமணல்ல வண்டியை நிறுத்தினேன். பதிற்றுப்பத்துல 'கொடுமணம்'னு வர்ற ஊர் இதுதான்னு சொல்றாங்க. 1980-கள்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு தொடங்கினது. பேராசிரியர் கா. ராஜன் பல பருவங்கள் இங்கே தோண்டியிருக்கார். இரும்பு உருக்கின தடயங்கள், பச்சைக்கல்லும் சூதுபவளமும் பட்டை தீட்டி மணியாக்கின பட்டறைகள், தமிழ் பிராமி எழுத்து கீறின பானை ஓடுகள். பச்சைக்கல் கிடைச்ச படியூர் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தி இது ஒரு ஏற்றுமதி ஊர்.

அந்தத் தொழில் நடந்துதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? வித்துப்போன நகையால இல்லை. அது கப்பலேறிப் போயிடுச்சு. உடைஞ்ச கல், பாதியில விட்ட மணி, இரும்புக் கசடு. கழிவை வச்சுத்தான் தெரியும். அங்கே நின்னப்போ எனக்கு இதுதான் தோணுச்சு: இந்த ஆற்றங்கரையில ஏற்றுமதித் தொழில் ரெண்டு தடவை செழிச்சிருக்கு. ரெண்டு தடவையும் சரக்கு வெளியே போச்சு, கழிவு இங்கேயே தங்கிடுச்சு. அவங்க கழிவு கல்லு, அது கரையலை. நம்ம கழிவு கரைஞ்சது. வித்தியாசம் அங்கேதான்.

அணை

கொடுமணலுக்கு அருகிலேயே ஒரத்துப்பாளையம் அணை. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளமான மண்கரை, நடுவுல மதகுகள். கொள்ளளவு சுமார் 0.6 டிஎம்சி. 1980-கள்ல வேலை நடந்து, ஏறக்குறைய 16 கோடி ரூபாய் செலவுல, 1992-ல திறந்தாங்க. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம்ங்கிறது திட்டம், அதுல பெரும்பகுதி கரூர் பக்கம். இங்கே திறக்கிற தண்ணி ஆற்றுல கீழே போய், சின்னமுத்தூர் தடுப்பணையில வாய்க்காலுக்குத் திரும்பி, கார்வழிகிட்ட இருக்கிற ஆத்துப்பாளையம் அணைக்குப் போகணும்.

இது சும்மா அரசியலுக்காகக் கட்டின அணை இல்லை. வடக்கே பவானிசாகர்ல இருந்து வர்ற கீழ்பவானி வாய்க்கால் 1950-கள்ல இருந்தே ஓடுது. சுமார் 200 கிலோமீட்டர் நீளம், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். சென்னிமலைப் பக்கம் போனா அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்து நாற்பது வருஷம் ஏங்கின சனம் நொய்யல் கரையில இருந்தது. "எங்க தண்ணி எங்களுக்கு வருது"ன்னு நினைச்சாங்க. மாமா அப்போ இளைஞர். கடன் வாங்கி, ரெண்டு ஏக்கர் கொறங்காட்டை வெட்டி, சமன் பண்ணி, தென்னை வச்சிருக்கார்.

"தண்ணி வந்துச்சுங்களா மாமா?"

"வந்துச்சு மாப்ள. வராம இருந்திருந்தா தேவலை."

அணை முடியறதுக்குள்ள ஊர் மாறிப்போச்சு

இந்த இடத்துல ரெண்டு வரிசைத் தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

1980-களோட நடுவுல, அணை வேலை நடந்த காலத்துல, திருப்பூர் பனியன் ஏற்றுமதி வருஷத்துக்கு இருபது கோடி ரூபாய்கூட இல்லை. 1990-ல அது முந்நூறு கோடியை நெருங்கிடுச்சு. 2006-07-ல பத்தாயிரம் கோடியைத் தாண்டிடுச்சு. உள்நாட்டுக்குப் போன வெள்ளை பனியனுக்குச் சலவை போதும். வெளிநாட்டுக்குப் போற டி-சர்ட்டுக்குச் சாயம் வேணும். நூத்துக்கணக்குல சாயப்பட்டறைகள் வந்ததும், அவற்றோட தண்ணி நொய்யலுக்குப் போனதும், அணை எழும்பினதும் ஒரே காலம். அணையோட கணக்கு போட்டது வேற ஒரு ஆற்றுக்கு. அணை முடிஞ்சப்போ அந்த ஆறு இல்லை.

சாயத் தண்ணின்னா எல்லாரும் நிறத்தைத்தான் நினைக்கிறோம். 'காலையில சிவப்பு, சாயங்காலம் நீலம்'னு நொய்யலைப் பத்தி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனா நிறம் இதுல சின்ன வில்லன். பெரிய வில்லன் உப்பு.

பருத்தித் துணியும் சாயமும் தண்ணியில ஒண்ணையொண்ணு தள்ளும். ரெண்டுக்கும் எதிர்மின் தன்மை. அந்தத் தள்ளலைக் குறைச்சு சாயத்தைத் துணிகிட்டக் கொண்டுவர, தண்ணியில உப்பைக் கொட்டணும். அடர் நிறம்னா லிட்டருக்கு 60-லிருந்து 80 கிராம் வரை. கடல் தண்ணியிலயே லிட்டருக்கு 35 கிராம்தான். அதாவது சாயத் தொட்டியில இருக்கிறது கடலைவிட ரெண்டு மடங்கு உப்புத் தண்ணி. சாயமாவது பெரும்பகுதி துணியில ஒட்டிக்கும். உப்பு ஒரு கிராம்கூட ஒட்டாது. போட்டது முழுக்க வெளியே வரும்.

ஒரு கணக்கு போடுவோம். 500 கிலோ துணி, ஒரு கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணி, லிட்டருக்கு 70 கிராம் உப்பு. 4,000 லிட்டர் தண்ணியில 280 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டையா அஞ்சரை மூட்டை. இது ஒரே ஒரு லாட்டுக்கு. பழைய வின்ச் மெஷின்ல தண்ணி இதைவிட அதிகம் பிடிக்கும், உப்பும் அதுக்குத் தகுந்த மாதிரி ஏறும்.

1990-கள்ல சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தது உண்மை. ஆனா அவை பெரும்பாலும் சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தை அடியில படிய வச்சதுதான். தண்ணி தெளிஞ்சது, உப்பு அப்படியே இருந்தது. பார்க்கிறவனுக்குச் சுத்தமா இருக்கிற தண்ணி, வயலுக்கு விஷம். வெளியேற்றுற தண்ணியில கரைஞ்ச உப்புகளோட அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதுங்கிறது விதி. அதைத் தாண்டித்தான் ஓடுச்சு.

இப்ப அதே கணக்கை மாமாவோட தோட்டத்துல போடுங்க. ஒரு ஏக்கர்ங்கிறது 4,047 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை தண்ணி கட்டினா சுமார் ரெண்டு லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தா, அது 400 கிலோ. எட்டு மூட்டை உப்பு, ஒரு ஏக்கருக்கு, ஒரே தண்ணியில. விதி அனுமதிக்கிற அளவுலயே கதை இதுதான். தண்ணி ஆவியாகிப் போயிடும், உப்பு மண்ணுல இருக்கும். அடுத்த தண்ணிக்கு இன்னொரு எட்டு மூட்டை. கழுவிவிட நல்ல மழையும் இல்லாத பூமி.

யாராவது ஒருத்தர் மாமா தோட்டத்துல நின்னு எட்டு மூட்டை உப்பைப் பிரிச்சுக் கொட்டியிருந்தா ஊரே அடிக்க வந்திருக்கும். வாய்க்கால்ல கரைஞ்சு வந்ததால 'தண்ணி திறந்தாச்சு'ன்னு கணக்குல ஏறிடுச்சு.

இன்னொரு ஆறு, இதே தப்பு

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்த தப்பு இல்லை. அமெரிக்காவுல கொலராடோ ஆறு. பாலைவனத்துக்கு நடுவுல அணை அணையாக் கட்டி, வாய்க்கால் வெட்டி, கீரையும் பருத்தியும் விளைவிக்கிற பூமி. ஆற்றோட கடைசிப் பங்கு மெக்சிகோவுக்கு. 1944 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி தண்ணி தரணும். 1961-ல அரிசோனாவுல வெல்டன்-மொஹாக் பகுதி வயல்கள்ல இருந்து இறைச்ச உவர் நீரை ஆற்றுல விட்டாங்க. மெக்சிகாலி பள்ளத்தாக்குல பயிர் கருகிச்சு. மெக்சிகோ கேட்டப்போ அமெரிக்கத் தரப்பு சொன்ன வாதம்: ஒப்பந்தத்துல அளவுதான் இருக்கு, தரம் இல்லை.

1973-லதான் உப்போட அளவுக்கும் ஒரு உடன்படிக்கை போட்டாங்க. அதை நிறைவேத்த யூமாவுல பெரிய உப்பு நீக்கும் ஆலை கட்டி முடிச்சது 1992-ல, நம்ம அணை திறந்த அதே வருஷம். அந்த ஆலை இன்னைக்கு வரைக்கும் கொஞ்ச காலம்தான் ஓடியிருக்கு. கரைஞ்ச உப்பைத் தண்ணியில இருந்து பிரிக்கிறது அவ்வளவு செலவு பிடிச்ச வேலை.

என் தொழில்ல ஒரு அனுபவம் உண்டு. நீங்க பதிவு பண்ணாத விஷயம், பிரச்சனை வர்றப்போ எந்த ரிப்போர்ட்லயும் கிடைக்காது. ரிப்போர்ட் எல்லாம் பச்சையாவே இருக்கும். ஒரத்துப்பாளையத்துல கன அடியும் ஏக்கரும் எழுதற நோட்டு இருந்தது. உப்புக்கு அதுல கட்டமே இல்லை.

கோர்ட்டுக்குப் போன ஆறு

1990-கள் முடியறதுக்குள்ளேயே 'அணையைத் திறக்காதீங்க'ன்னு ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. அணை கட்டச் சொல்லிக் கேட்ட சனம்தான் இது. கிணறுகள் கெட்டுப்போச்சு. மாடு தண்ணியை மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும்னு மாமா சொன்னார்.

1996-ல வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல, மாசுபடுத்தினவரே செலவைத் தரணும்ங்கிற கொள்கையை உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணுச்சு. அதையொட்டி அமைஞ்ச சூழலியல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் கரைக்கும் வந்தது. 2004-ல, 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய்னு இழப்பீடு நிர்ணயிச்சாங்க. சராசரியா ஒருத்தருக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. மாமாவுக்கு எவ்வளவுன்னு கேட்டேன். கையை மட்டும் ஆட்டினார்.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் போட்ட வழக்குல 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வெளியேற்றுற கழிவுநீருக்கு லிட்டருக்கு இத்தனை பைசான்னு அபராதம், அது மாசம் போகப்போக ஏறும். அணையைச் சுத்தம் பண்ற செலவும் ஆலைகள் மேல. 2009 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் சாய ஆலைகளோட மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணி, கழிவுநீரே வெளியே வராத நிலைக்கு வர மூணு மாசம் அவகாசம் கொடுத்தது. அது நடக்கலை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, சாய, சலவை ஆலைகள் எல்லாத்தையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள்.

அதுக்கப்புறம்தான் உண்மையான மாற்றம். சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள், உப்புக் கரைசலையே திரும்பச் சாயத்துக்குப் பயன்படுத்தற முறை. அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்னைக்குத் திருப்பூர் இதுல ஒரு முன்னோடி ஊர், அதை மறுக்கக்கூடாது. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையா கொட்டகைகள்ல இருக்குங்கறதையும் மறக்கக்கூடாது.

அணை? நீதிமன்ற உத்தரவால பல வருஷமா அதுல தண்ணி தேக்கறதில்லை. வர்ற தண்ணி வந்தபடியே மதகு வழியாப் போயிடும். தேக்கறதுக்குன்னு கட்டினதைத் தேக்காம பார்த்துக்கறதுதான் அங்கே வேலை. நாங்க போனப்போ நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க சீமைக்கருவேலம்.

தோத்துப்போன அணைன்னு இதைச் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. இந்த அணை இல்லாம இருந்திருந்தா அந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமா காவிரியில கலந்து, யார் கண்ணுக்கும் படாமப் போயிருக்கும். தேங்கினதாலதான் தெரிஞ்சது. நோட்டுல எழுதாத கணக்கை அணையே எழுதி வச்சிருந்தது.

காரணம்

ஆரம்பத்துல சொன்ன காரணத்துக்கு வர்றேன். எங்கப்பா நல்லூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில இருபத்தஞ்சு வருஷம் வேலை பார்த்தார். சின்ன வயசுல அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். வாசல்ல தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த உப்பு லாரி நிக்கும். மூட்டையைத் தோள்ல தூக்கிப் போய் தொட்டிகிட்ட அடுக்குவாங்க. நான் அந்த மூட்டைகள் மேல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கேன். 1997-ல நான் பிஇ சேர்ந்தேன். முதல் வருஷ ஃபீஸ் அப்பாவோட தீபாவளி போனஸ்லயும் பட்டறையில வாங்கின அட்வான்ஸ்லயும் கட்டினது. மாமாவோட தென்னை குரும்பை கொட்ட ஆரம்பிச்சதும் அதே வருஷம்தான். ரெண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு.

2011-ல பட்டறை மூடினப்போ அப்பா மாசக்கணக்குல வீட்டுல உட்கார்ந்திருந்தார். அப்போ மாமா போன் பண்ணினார். ஜெயிச்ச கட்சிக்காரர், ஏதாவது சொல்லுவாருன்னு நினைச்சேன். "மச்சான், செலவுக்குக் கஷ்டம்னா கேளுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டார். அப்பா கேட்கலை. அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் அணையைப் பத்திப் பேசி நான் பார்த்ததில்லை.

கார்வழி தாண்டி மாமா ஊருக்குப் போய்ச் சேர்ந்தப்போ மணி ரெண்டு. பழைய தென்னை எல்லாம் போயிடுச்சு. அப்புறம் வச்ச பத்துப் பதினஞ்சு மரம் வீட்டைச் சுத்தி நிக்குது. அத்தை சாப்பாடு எடுத்து வைக்கிறதுக்குள்ள மாமா ஒரு இளநி சீவினார். என்கிட்ட நீட்டப்போனவர், நிறுத்தி, தான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தார்.

"செரி, நல்லாருக்குது. குடி மாப்ள."

அந்த வருஷங்கள்ல வந்த பழக்கம் போல. இன்னும் விடலை.